இருபத்தேழாம் பெட்டி

ஜூன் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். நீங்கள் பேருந்தில் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா, இடுப்பு எப்படி இருக்கிறது என்று உடனே எழுதுங்கள். மூன்று நாள் விடுப்பெடுத்துக் குனிந்து குனிந்து எங்களுக்குப் பெட்டி கட்டிய இடுப்பு அது.

புது வீடு இரண்டாம் மாடி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் மருத்துவமனையின் பின்வாசல் தெரிகிறது. இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ஏழே நிமிட நடை. காலை ஆறு மணிக்கு நான் அங்கே இருந்தாக வேண்டும். காலைப் பிரிவின் பொறுப்பை ஆறு மாதச் சோதனைக் காலத்துக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். மூன்று முறை தாமதமானால் பொறுப்பு அடுத்தவளுக்குப் போய்விடும் என்று தலைமை மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்பவர்கள் சொன்னதைச் செய்துவிடுவார்கள். உங்கள் மாப்பிள்ளையோ லிஃப்ட் பழுது பார்க்க ஐந்தரைக்கே கிளம்பிவிடுகிறார். பெரியவளைப் பள்ளிக்கு அனுப்பவும், இரண்டு வயதுச் சின்னவளைப் பார்த்துக்கொள்ளவும் அவருடைய அக்கா வந்து தங்கியிருப்பதால்தான் எனக்கு இந்த வேலையே இருக்கிறது. அண்ணியை உங்களுக்குத் தெரியுமே. பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

லாரி வந்தபோது நான் பணியில் இருந்தேன். அண்ணிதான் வாசலில் நின்று இறக்கினார். மாலையில் வந்து, நீங்கள் கொடுத்த பட்டியல் நகலை வைத்துக்கொண்டு சரிபார்த்தேன். பட்டியலில் நாற்பத்து மூன்று பெட்டிகள். வந்தவை நாற்பத்திரண்டு. இருபத்தேழாம் எண் இல்லை. அதற்கு எதிரே ‘பலவகை’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதில் என்ன வைத்தீர்கள் அண்ணா?

அண்ணியைக் கேட்டேன். “வந்ததையெல்லாம் நான்தான் வாங்கி வச்சேன். லாரிக்குள்ள ஏறிப் பாத்துட்டுத்தான் அந்த ஆளை அனுப்பினேன். ஒரு விளக்குமாறு கூட மிச்சமில்ல” என்றார்.

பிள்ளைகள் மாமாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

உங்கள் அன்புத் தங்கை


ஜூன் 8
கடித எண்: 1

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். இடுப்பு வலி வலப்பக்கம் மட்டும் எஞ்சியிருக்கிறது. நீ, மாப்பிள்ளை, குழந்தைகள் ஆகியோரின் நலத்தைத் தனித்தனியே எழுது. ‘எல்லோரும் சுகம்’ என்பது தகவல் ஆகாது.

பெட்டிகள் நாற்பத்து மூன்று என்பதில் ஐயமில்லை. கட்டுவதற்கு முந்தைய மாலையே பட்டியலைக் கார்பன் தாள் வைத்து இரு படிகளாக எழுதினேன். மறுநாள் அந்த வரிசைப்படியே கட்டினோம். நகல் உன்னிடம், அசல் என்னிடம். குடிநீர் வாரியக் கிடங்கில் இருபத்தாறு ஆண்டுகளாக இம்முறையில்தான் குழாய்களையும் அடைப்பான்களையும் அனுப்பி வருகிறேன். இதுவரை ஒரு திருகாணிகூட வழியில் காணாமற்போனதில்லை.

‘பலவகை’ என்பது எங்கள் கிடங்கின் வழக்கம். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அப்படி ஒரு வரி வைப்போம். கடைசி நேரத்தில் கையில் அகப்படும் சிறு பொருள்கள் எல்லாம் அதற்குள் போகும். சமையலறை, கூடம் இரண்டுக்குமான பலவகைப் பெட்டி அது. உன் வீட்டில் எவையெவை அகப்படவில்லையோ அவற்றை எழுது. அவையே அப்பெட்டியின் உள்ளடக்கம்.

பொருள் எங்கே கைமாறுகிறதோ அங்கேதான் காணாமற்போகிறது. இங்கே கைமாறியது ஓரிடத்தில் மட்டும்: உன் வீட்டு வாசலில். லாரிக்காரர் கொடுத்தார், உன் நாத்தனார் வாங்கினார். ‘லாரிக்குள் ஏறிப் பார்த்தேன்’ என்று அவர் சொன்னதைக் கவனித்தாயா? அதை நீ கேட்கவே இல்லை. கேளாத கேள்விக்கு விடை சொல்பவரைக் கிடங்கில் நாங்கள் இரண்டாம் முறை கூப்பிட்டு விசாரிப்போம்.

குற்றம் சாட்டவில்லை. கவனி என்கிறேன். இதைத் தொலைபேசியில் பேசாதே. கூடத்தில் இருப்பவர் காதில் விழும்.

நலம் கோரும்,
அண்ணன்


ஜூன் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

தனித்தனியே எழுதுகிறேன். நான்: சுகம், தூக்கம் போதவில்லை. அவர்: சுகம், பேச்சு வழக்கம்போல் குறைவு. பெரியவள்: சுகம், முன்பல் விழுந்தது. சின்னவள்: இரண்டு நாள் காய்ச்சல், இப்போது சுகம். அண்ணி: சுகம். அவரை உங்கள் கணக்கில் விட்டுவிட்டீர்கள்; நான் சேர்த்துக்கொண்டேன்.

அகப்படாதவற்றைக் கேட்டிருந்தீர்கள். தெர்மாமீட்டர், சிறிய கத்தரிக்கோல், சல்லடை, டின் திறப்பான், அவருடைய குடை, பெரியவளின் ஜியோமெட்ரி பாக்ஸ், சின்னவளின் கம்பளிச் சட்டை. இந்த வீட்டில் இப்போது எது காணவில்லையோ அது இருபத்தேழில் இருக்கிறது. தேடுவது என்ற வேலையே நின்றுவிட்டது. போன வாரம் பெரியவள் ஆசிரியையிடம், “மிஸ், என் வீட்டுப்பாடம் இருபத்தேழுல இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

ஆனால் பாதி கிடைத்துவிட்டது. தெர்மாமீட்டர் அவருடைய மழைக்காலப் பூட்ஸுக்குள் இருந்தது. கத்தரிக்கோல் துணி அலமாரியில். சல்லடை, அடுப்புக்கு மேலேயே. அதே தட்டில் நான் மூன்று முறை தேடியிருந்தேன்.

இன்னொன்று. எழுதலாமா என்று யோசித்தே இத்தனை நாள் ஆகிவிட்டது. வியாழக்கிழமைகளில் நான் இரண்டு மணிக்கு வீடு திரும்பும்போது அண்ணி இருப்பதில்லை. துணிப்பையோடு, சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டு மூன்றரைக்கு வருகிறார். எங்கே என்று கேட்டால், “சும்மா, காத்தாட” என்கிறார். வியாழக்கிழமை மட்டும்தான் காற்று அடிக்கிறதா என்று தெரியவில்லை.

எனக்கு ஒன்றுமில்லை. நீங்கள் கேட்டதால் எழுதினேன்.

உங்கள் தங்கை


ஜூன் 29
கடித எண்: 2

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். சின்னவளின் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று நீ எழுதவில்லை. தெர்மாமீட்டர்தான் ‘கிடைத்துவிட்டதே’.

அச்சொல்லைத்தான் ஆராய வேண்டும். பொருள்கள் கிடைத்தன என்று எழுதுகிறாய். அவை வைக்கப்பட்டன என்பது என் கருத்து. மூன்று முறை தேடிய தட்டில் சல்லடை நான்காம் முறை இருப்பது எவ்வாறு? தெர்மாமீட்டருக்கும் பூட்ஸுக்கும் என்ன தொடர்பு? பெட்டியைத் திறந்தவர், கேள்வி எழுந்ததும், ஒன்றொன்றாகத் திருப்பி வைக்கிறார். எங்கள் கிடங்கிலும் ஒருமுறை அப்படித்தான் நடந்தது: தணிக்கை அறிவிப்பு வந்த மறுநாளே நான்கு அளவுமானிகள் தாமாக அலமாரிக்குத் திரும்பின.

நீ செய்ய வேண்டியது: மேசை, அலமாரி ஆகியவற்றில் இருக்கும் சிறு பொருள்களின் இடத்தை விரலளவால் குறித்துக்கொள். டப்பாக்களின் அளவைப் பென்சிலால் கோடிட்டு வை. வியாழக்கிழமைப் பயணம் குறித்து இனிக் கேட்காதே, கேட்டால் நிறுத்திவிடுவார்.

என் கடிதங்களை இனிப் பரிசோதனைக் கூட முகவரிக்கே அனுப்புகிறேன். என் வீட்டில் பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு கரண்டிகூட இடம் மாறியதில்லை. உன் வீட்டிலும் அந்த அமைதி நிலவ வேண்டும் என்பதே என் விருப்பம்.

அண்ணன்


ஜூலை 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் ஐவரும் சுகம். உங்கள் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டீர்களா?

நீங்கள் சொன்னபடி செய்தேன். பால்பவுடர் டப்பாவில் பென்சில் கோடு போட்டேன். மூன்று நாளில் கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் இறங்கியிருந்தது. சின்னவள் எத்தனை முறை குடித்தாள் என்று கணக்கிட்டேன். ஒன்றரை விரல்தான் வந்தது. அந்த அரை விரலை நினைத்துக்கொண்டு ஒரு நாள் முழுவதும் வேலை செய்தேன் அண்ணா. ஒரு நோயாளியின் இரத்த மாதிரிக் குழாயில் இன்னொருவர் பெயர்ச்சீட்டை ஒட்டப் போனேன். பக்கத்து மேசைக்காரி கையைப் பிடித்துத் தடுத்தாள்.

அன்று மாலை டப்பாவும் கையுமாக நின்றதை அண்ணி பார்த்துவிட்டார். “என்ன, டப்பாவுக்கு உயரம் அளக்குற? வளருதா?” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போன வியாழன் திரும்பி வந்தபோது அவர் செருப்பெல்லாம் சேறு. யாரோடோ சண்டை போட்டுவிட்டு வந்ததுபோல முகம் சிவந்திருந்தது. கேட்கவில்லை, நீங்கள் கேட்காதே என்றீர்கள். உங்கள் மாப்பிள்ளையிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். “அக்காவையா?” என்று ஒரு சொல் சொன்னார். பிறகு கருவிப் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஊரையெல்லாம் ஏற்றி இறக்குபவர், வீட்டு விஷயத்தில் மட்டும் தரைத்தளத்தைவிட்டு அசையமாட்டார்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஒரு முடிவு நம்ப முடியாதபடி வந்தால், நோயாளியைக் கூப்பிடுவதற்கு முன் கருவியைச் சரிபார்ப்போம். பட்டியலின் அசல் உங்களிடம்தானே இருக்கிறது? ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்களேன்.

தங்கை


ஜூலை 24
கடித எண்: 3

அன்புத் தங்கைக்கு,

நலம். இரத்த அழுத்தம் அளவுக்குள் இருக்கிறது.

அசலைப் பார்க்கத் தேவையில்லை. அது உறையிலிட்டு, அரக்கு வைத்து, என் இரும்பு அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. நகல்மீது ஐயம் எழுந்தால் அன்றி அசலைப் பிரிப்பது முறையன்று. கார்பன் நகல் அசலினின்று எவ்வாறு வேறுபடும்? இரண்டும் ஒரே கையால், ஒரே அழுத்தத்தில், ஒரே நேரத்தில் எழுதப்பட்டவை.

அரை விரல் என்பது சிறிய அளவன்று. இனியும் தள்ளிப்போடாதே. மாப்பிள்ளை வீட்டில் இருக்கும் ஒரு மாலையில், அவர் முன்னிலையில், ஐயத்திற்குரியவரிடம் கீழ்க்காணும் நான்கு கேள்விகளை இதே வரிசையில் கேள். விடைகளை அவர் சொற்களிலேயே குறித்து அனுப்பு.

முதலாவது: லாரியில் இருந்து எத்தனை பெட்டிகள் இறங்கின? இரண்டாவது: அவற்றை எவ்வாறு எண்ணினீர்கள்? மூன்றாவது: வியாழக்கிழமைகளில் துணிப்பையோடு எங்கே செல்கிறீர்கள்? நான்காவது: பையில் என்ன இருக்கிறது?

குரலை உயர்த்தாதே. கேள்வி சரியாக இருந்தால் குரல் தேவைப்படாது.

அண்ணன்


ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

அண்ணி பத்தொன்பது நாளுக்கு முன், தாம் முன்பு இருந்த வாடகை அறைக்கே திரும்பிப் போய்விட்டார். கேள்விகளை நான் கேட்கவில்லை. விடைகள் வந்துவிட்டன.

சின்னவளைக் கீழ்வீட்டில் விட்டுப் பார்த்தேன். அவர்களுக்கு ஏழு மணிக்குத்தான் விடிகிறது. பக்கத்து மேசைக்காரி தாங்கிக்கொண்ட நாட்கள் போக, இதுவரை இரண்டு முறை தாமதம். மூன்றாவதுக்கு என்ன என்பது உங்களுக்குத் தெரியும். மருத்துவர் இப்போது சிரிப்பதில்லை.

உங்கள் மாப்பிள்ளை என்னோடு பேசுகிறார். ‘உப்பு எடு’, ‘கதவைச் சாத்து’ என்பது பேச்சென்றால்.

தங்கை


ஆகஸ்ட் 22

தம்பிக்கு,

உங்கள் தங்கையின் நாத்தனார் எழுதுகிறேன். நீங்கள் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் வலிக்குக்கூட இரண்டு மாடி ஏறாத ஓய்வு கிடைத்திருக்கிறது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் என்னைப் பற்றி நீங்கள் மூன்று கடிதம் எழுதியிருக்கும்போது, நான் ஒன்றாவது எழுதாவிட்டால் மரியாதையாக இருக்காது.

உங்கள் தங்கையின் வெள்ளை மேலங்கியைத் துவைக்கப் போட்டபோது பையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. மருத்துவமனைச் சீட்டாக இருக்குமோ, நனைந்தால் யாருக்காவது கெடுதலோ என்று, கண்ணாடி கைக்கு எட்டாததால் பெரியவளைக் கூப்பிட்டு, என்னவென்று பார்க்கச் சொன்னேன். அவள் பள்ளியில் வாசிப்பதுபோல் நிமிர்ந்து நின்று உரக்க வாசித்தாள். நடுவில் நிறுத்தி, “அத்தை, ஐயத்திற்குரியவர்னா யாரு?” என்றாள்.

“உங்க மாமா எனக்கு வச்ச பேரு. மேல படி” என்றேன். தலை எண்ணித் தலை எண்ணி முப்பது வருடம் பேருந்தில் நின்றவள் நான், எண்ணிக்கைக் கேள்வி என்றால் பாதியில் விடமாட்டேன்.

மாலையில் உங்கள் தங்கை வந்தாள். என் தம்பியும் வந்தான். இருவரையும் உட்காரவைத்தேன். கேள்வி கேட்க அவளுக்கு வாய் வராது என்று எனக்குத் தெரியும். ஆகவே விடைகளை வரிசையாக நானே சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒன்று: நாற்பத்திரண்டு. இரண்டு: ஒவ்வொரு பெட்டியும் உள்ளே போகும்போது வாசற்கதவின் பின்பக்கம் பென்சிலால் ஒரு கோடு போட்டேன், இன்னும் இருக்கும், எண்ணிக்கொள்ளலாம். மூன்று: லாரிக் கொட்டகைக்கு. அந்த ஆள் வியாழக்கிழமைதான் அங்கே இருப்பான். என் கையால் வாங்கிய சாமானில் ஒன்று குறைகிறது என்று உங்கள் பட்டியல் சொன்ன நாளில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டு வியாழக்கிழமை போய் அவனோடு சண்டை போட்டேன். அவன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். பாவம், கடைசி வாரம் என்னைக் கண்டதும் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். நான்கு: பையில் சின்னவளின் மாற்றுத் துணி.

அரை விரல் பால்பவுடரும் நான்தான். சின்னவள் கொஞ்சம் மெலிந்திருந்தாள், கெட்டியாகக் கலந்தேன்.

உங்கள் தங்கை அழுதாள். அவள்மேல் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. வீடு மாற்றி, விடியற்காலை ஓடி, இரண்டு பிள்ளைகளோடு தலைகீழாக நிற்பவளிடம் யார் எதைச் சொன்னாலும் உள்ளே இறங்கும். சொன்னவர் நீங்கள். உங்கள் வீட்டில் கரண்டி இடம் மாறுவதில்லையாமே. எடுக்க இன்னொரு கை இல்லாத வீட்டில் கரண்டி எப்படித் தம்பி இடம் மாறும்?

ஒன்று மட்டும் கேட்கிறேன். நாற்பத்து மூன்று என்றீர்களே, அதைக் காகிதத்தைப் பார்த்துச் சொன்னீர்களா, நினைவைப் பார்த்துச் சொன்னீர்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


ஆகஸ்ட் 31

அன்புத் தங்கைக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டும். இங்கே ஒரு வாரமாக மழை. கிடங்கின் கூரையில் மேற்கு மூலை ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறோம்.

பெரியவளுக்குப் புதுப்பல் முளைத்துவிட்டதா? சின்னவளுக்கு இரண்டு கம்பளிச் சட்டைகள் தனியே அனுப்பியிருக்கிறேன். அளவு சரியாக இல்லாவிட்டால் எழுது.

பணியில் கவனமாக இரு. சரியாகச் சாப்பிடு. உன் நாத்தனாரின் உடல்நலம் குறித்து ஏதேனும் தெரிந்தால் எழுது. முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது என்பார்கள்.

வேறு செய்தி ஒன்றும் இல்லை.

அண்ணன்


செப்டம்பர் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். சட்டைகள் வந்தன, அளவு சரி. பழைய கம்பளிச் சட்டை, நீங்கள் கட்டிய முப்பத்து நான்காம் பெட்டியில், போர்வைக்கு நடுவே இருந்தது. யாரும் திருப்பி வைத்ததாகத் தெரியவில்லை. பெட்டி இன்றுதான் பிரிக்கப்பட்டது.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அதில் எண் இல்லை. நீங்கள் எழுதிய கடிதங்களிலேயே எண் இல்லாத கடிதம் இது ஒன்றுதான். இருபத்தேழைப் பற்றி ஒரு சொல் இல்லை. விடைகளை ஏன் அனுப்பவில்லை என்று என்னைக் கண்டிக்கவில்லை. அண்ணியின் முழங்கால் வலி உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் எழுதவில்லையே. கேளாத கேள்விக்கு விடை சொல்பவரை இரண்டாம் முறை விசாரிக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தான்.

கதவின் பின்னால் இருக்கும் கோடுகளை எண்ணினேன். ஐந்தைந்தாகக் கட்டிப் போட்டிருக்கிறார். எட்டுக் கட்டு, மேலே இரண்டு. பெரியவளையும் எண்ணச் சொன்னேன். அவளுக்கும் நாற்பத்திரண்டுதான் வந்தது.

அண்ணியைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்தார், உட்காரச் சொன்னார், பிள்ளைகளைக் கேட்டார். வாருங்கள் என்றதற்கு, “பெட்டி கிடைக்கட்டும், வர்றேன். இல்லன்னா நாளைக்கு ஒரு கரண்டி காணோம்னாலும் எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாப்பீங்க” என்றார். உண்மைதான், பார்த்திருப்பேன்.

மருத்துவர் இம்மாத முடிவு வரை தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் சின்னவளுக்கு ஒரு வழி செய்யாவிட்டால் நானே பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவது மரியாதை என்றார்.

அசலைப் பாருங்கள் அண்ணா. பார்த்துவிட்டீர்கள் என்றால், பார்த்ததை எழுதுங்கள்.

தங்கை


செப்டம்பர் 12
கடித எண்: 5
(கார்பன் தாள் வைத்து இரு படிகளாக எழுதப்பட்டது. அசல் அக்காவுக்கு, நகல் தங்கைக்கு. இரண்டையும் ஒப்பிட்டுச் சரிபார்த்திருக்கிறேன்.)

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தங்கள் நலத்தைக் கேட்கும் தகுதியை நான் இழந்திருக்கிறேன், ஆயினும் கேட்கிறேன். நான் உடலளவில் நலம்.

தங்கள் கேள்விக்கு விடை: நினைவைப் பார்த்துச் சொன்னேன்.

ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி மாலை தங்கள் கடிதம் கிடைத்தது. அரக்கை உடைத்து அசலை எடுத்தேன். இருபத்தேழாம் வரியின்மீது சிவப்பு மையால் கோடு இழுக்கப்பட்டிருந்தது. கீழே ‘43’ அடிக்கப்பட்டு, ‘42’ என்று திருத்தப்பட்டிருந்தது. பக்கத்தில் என் கையொப்பம்.

நடந்தது இதுதான். பட்டியலை முந்தைய மாலை எழுதினேன். பலவகைப் பெட்டிக்கு வழக்கம்போல் ஒரு வரி ஒதுக்கினேன். மறுநாள் சிறு பொருள்கள் அனைத்தும் மற்றப் பெட்டிகளின் இடுக்குகளிலேயே அடங்கிவிட்டன. இருபத்தேழாம் பெட்டி கட்டப்படவே இல்லை. நகலைத் தங்கையிடம் கொடுத்த பிறகு, நான்கு பத்துப் பேருந்துக்கு நேரமாகிவிட்ட நிலையில், அசலில் மட்டும் அந்த வரியை அடித்தேன். கிடங்கில் நாள்தோறும் முப்பது நாற்பது முறை செய்கிற காரியம். கை செய்தது, தலைக்குத் தெரிவிக்கவில்லை. ஒரு படியில் செய்யும் திருத்தம் எல்லாப் படிகளிலும் செய்யப்பட வேண்டும் என்பது எங்கள் கிடங்கின் நான்காம் விதி. அவ்விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவன் நான்.

தாங்கள் எண்ணியது சரி. லாரிக்காரர் செய்த சத்தியமும் சரி. அவருக்கும் தனியே எழுதிவிட்டேன்.

பிழை அன்று மாலையே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பின் ஆறு நாள் எழுதாதிருந்தேன். ஏழாம் நாள் மழையைப் பற்றியும் கம்பளிச் சட்டையைப் பற்றியும் எழுதினேன். அதற்கு எண் இட என் கை வரவில்லை. அது நான்காம் கடிதம்; ஆகவே இது ஐந்து. அந்த நான்காம் கடிதத்தைத்தான் என்னால் எந்த மையாலும் அடிக்க முடியவில்லை.

இல்லாத பெட்டிக்காகத் தங்கள்மீது ஐயம் கொண்டேன். அது போதாதென்று, அந்த ஐயத்தை என் தங்கை வீட்டுக்கும் அஞ்சலில் அனுப்பினேன். அவள் தங்களைச் சந்தேகிக்கவில்லை, என்னை நம்பினாள். அதற்கான தண்டனையை அவள் அடைவது முறையன்று. இம்மாத முடிவுக்குள் தாங்கள் திரும்பாவிட்டால் அவளுடைய காலைப் பொறுப்பு போய்விடும். எனக்காக வேண்டாம். அந்த ஆறு மணிக்காக வாருங்கள்.

சிவப்புக் கோடுள்ள அசலை இத்துடன் இணைத்திருக்கிறேன். இனி அது தங்களிடமே இருக்கட்டும்.

பணிவுடன்,
தம்பி


அக்டோபர் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

தனித்தனியே எழுதுகிறேன். நான்: சுகம், இன்று ஐந்து ஐம்பத்திரண்டுக்கே பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன், மருத்துவர் என்னைப் பார்த்து மறுபடி சிரிக்கத் தொடங்கியிருக்கிறார். அவர்: சுகம், நேற்று மூன்று வாக்கியம் பேசினார். பெரியவள்: பல் முளைத்துவிட்டது. சின்னவள்: கெட்டிப் பால் குடிக்கிறாள். அண்ணி: கீழே எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் போன பிறகு இரண்டு வாரம் அவரிடம் இருந்து ஒன்றும் வரவில்லை. உங்களுக்கும் என்னால் எழுத முடியவில்லை. கோபமா, இரக்கமா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இருபத்தொன்பதாம் தேதி மாலை, பொறுப்பைத் திருப்பிக் கொடுக்கும் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் மூச்சு வாங்கும் சத்தம். அண்ணி. பின்னால் ஒரு தகரப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு அந்த லாரிக்காரர்.

பெட்டியின் பக்கவாட்டில் இன்னும் காயாத கறுப்புச் சாயத்தால், உங்கள் எழுத்தைப் போலவே, ‘27’ என்று எழுதியிருந்தது.

“எங்க வைக்கணும்னு சொல்லுங்க. அப்புறம் நான் வைக்கலன்னு சொல்லக் கூடாது” என்றார் லாரிக்காரர். என்னைப் பார்த்தல்ல, கூரையைப் பார்த்து.

கூடத்தின் நடுவில் வைக்கச் சொன்னார் அண்ணி. என்னிடம் இருந்த நகலைக் கொண்டுவரச் சொன்னார். இருபத்தேழாம் வரியில் பென்சிலால் ஒரு சரிக்குறி போட்டார். பிறகு வாசற்கதவின் பின்னால் போய், எட்டுக் கட்டுக்கும் இரண்டுக்கும் பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்தார்.

“இப்ப சரியா இருக்கா? உங்கண்ணனுக்கு எழுது” என்றார்.

பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார். சாவி அவர் இடுப்பில். கொஞ்ச நேரம் கழித்து, “உள்ள என்ன அண்ணி?” என்று கேட்டுவிட்டேன். பழக்கம் விடவில்லை பாருங்கள்.

“பலவகை” என்றார். “பட்டியல்ல எழுதியிருக்குல்ல.”

ஆகவே உங்கள் கிடங்கு விதிப்படி, அசலில் இழுத்த சிவப்புக் கோட்டையும் நீக்கியாக வேண்டும். அது அண்ணியிடம்தான் இருக்கிறது. நேரில் வந்து கையொப்பமிட்டால்தான் செல்லும் என்கிறார். வரும்போது உங்கள் வீட்டுக் கரண்டி ஒன்றை எடுத்து வரச் சொன்னாள் பெரியவள். அதை ஒளித்துவைத்து விளையாட வேண்டுமாம்.

நேற்று வியாழக்கிழமை. நான் இரண்டு மணிக்கு வந்தபோது அண்ணி இல்லை, சின்னவள் இல்லை, துணிப்பையும் இல்லை. மூன்றரைக்கு வந்தார்கள். எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை